அணுவா, ஆதவனா? மேடை ஏறுமுன் போட வேண்டிய கணக்கு

சேலம் பக்கம் கல்லூரி விழாவிலோ கோயில் திருவிழாவிலோ மின்சாரத்துக்கு அணு உலையா, சூரியத் தகடா என்று பட்டிமன்றத் தலைப்பு வைத்தால், ஒரு அணி செர்னோபில் அணு உலை விபத்தை இழுக்கும், இன்னொரு அணி "ராத்திரியில் சூரியன் எங்கே?" என்று கேட்கும். இரண்டுக்கும் கைதட்டல் விழும். பேச ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், வசனம் எழுதுமுன் ஒரு தாளும் கால்குலேட்டரும் எடுத்து உட்காருங்கள்.

மெகாவாட்டை யூனிட் ஆக்குங்கள்

பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். மெகாவாட் என்பது தறி மோட்டாரின் குதிரைத்திறன் மாதிரி. எவ்வளவு இழுக்க முடியும் என்று சொல்லும். எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்லாது. வேண்டியது யூனிட். மெகாவாட்டை ஓர் ஆண்டின் 8,760 மணி நேரத்தால் பெருக்கி, அதை ஓடும் விகிதத்தால் பெருக்கி, கடைசியில் 1,000-ஆல் பெருக்குங்கள்.

கூடங்குளத்தில் ஓர் உலை 1,000 மெகாவாட். 85 சதவீதம் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 744 கோடி யூனிட். நம் சமவெளியில் 1 கிலோவாட் சூரியத் தகடு நாளுக்கு 4 யூனிட் தரும், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500. வகுத்தால் கிட்டத்தட்ட 5,000 மெகாவாட் தகடு வேண்டும். காற்றாலை என்றால் 25 சதவீதக் கணக்கில் 3,400 மெகாவாட். ஆயிரத்துக்கு ஆயிரம் என்று ஒப்பிட்டுப் பேசுகிறவரை இந்த ஒரு வரியில் உட்கார வைக்கலாம். ஆனால் எதிரணி சுதாரித்துக்கொண்டால், "கூடங்குளத்து மின்சாரம் முழுதும் தமிழ்நாட்டுக்கா வருகிறது?" என்று திருப்பும். வருவதில்லை, அண்டை மாநிலங்களுக்கும் பங்கு உண்டு. அதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இடம். கமுதி சூரிய மின்நிலையத்தில் 648 மெகாவாட்டுக்குச் சுமார் 2,500 ஏக்கர் பிடித்தது. அதே அளவில் 5,000 மெகாவாட்டுக்கு 19,000 ஏக்கருக்கு மேல் போகும். "மாடியில் போட்டால் நிலமே வேண்டாமே" என்பார்கள். அதையும் போட்டுப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாவட்ட மக்கள்தொகை 34.8 லட்சம். நாலு பேருக்கு ஒரு வீடு என்றால் 8.7 லட்சம் வீடு. வீட்டுக்கு 3 கிலோவாட் என்றால் 2,610 மெகாவாட். மாவட்டத்தில் ஒரு வீடு விடாமல் போட்டாலும் ஓர் உலையில் பாதிதான் தேறும். அதிலும் ஓட்டுவீடு, தகரக் கூரை, பக்கத்துக் கட்டட நிழல் எல்லாம் கழியும்.

ஏற்காட்டுக்கு மட்டும் தனிக் கணக்கு. தகட்டின் திறன் 25 டிகிரி வெப்பத்தில் அளக்கப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 முதல் 0.4 சதவீதம் குறையும். சித்திரை வெயிலில் சேலத்து மாடியில் தகடு 60 டிகிரியைத் தாண்டும். 12 சதவீதத்துக்கு மேல் அங்கேயே போச்சு. மலையில் குளிர்ச்சி, அந்த இழப்பு குறைவு. ஆனால் மூடுபனியும் சில்வர் ஓக் நிழலும் அந்த லாபத்தைத் தின்றுவிடும். தகடுகள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்றின் மேல் விழும் நிழல் வரிசை முழுவதையும் இழுத்துவிடும்.

மணிக்கணக்கு

எங்கள் கணிப்பில் இந்த வாதம் தீர வேண்டிய இடம் இதுதான். தாளில் 0 முதல் 24 வரை கோடு போட்டு, விசைத்தறி இரவு ஷிப்ட் எப்போது, வீட்டு விளக்கும் ஏசியும் எப்போது என்று குறியுங்கள். மாலை 6 முதல் 10 வரை தேவை மேலே நிற்கும், தகடு படுத்துவிடும். 85 சதவீதக் கணக்கில் ஓர் உலை தரும் 850 மெகாவாட்டை அந்த 4 மணி நேரம் சேமிப்பிலிருந்து கொடுக்க 34 லட்சம் யூனிட் வேண்டும். விடியும் வரை, 13 மணி நேரம் என்றால் 1.1 கோடி யூனிட். தண்ணீரை மேலே ஏற்றிச் சேமிக்கும் காடம்பாறை நிலையத்தின் திறன் 400 மெகாவாட். அந்த முறையில் 100 யூனிட் போட்டால் 75, 80 திரும்பும். பேட்டரியில் இழப்பு இதைவிடக் குறைவு. ஏலத்தில் வந்த மலிவான சூரிய விலையைச் சொல்கிறவரிடம், "இதில் சேமிப்புச் செலவு சேர்ந்திருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள்.

அணு அணியும் இங்கே தப்ப முடியாது. உலை மாலைத் தேவைக்கு ஏறி, நடுப்பகலில் இறங்காது; ஒரே மட்டத்தில் ஓடுவதுதான் அதற்குக் கட்டுப்படியாகும். எரிபொருள் மாற்றப் பல வாரம் நிற்கும். திடீரென்று டிரிப் ஆனால் 1,000 மெகாவாட் மொத்தமாகப் போகும்.

மாதக் கணக்கையும் பாருங்கள். காற்று மே முதல் செப்டம்பர் வரை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. பாசனத்துக்கு விடும் தண்ணீரில்தான் அணை மின்சாரம், ஆக அதுவும் அதே பருவத்தில் வருகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இரண்டும் சோர்ந்திருக்கும்போது சூரியன் தூக்கி நிறுத்தும். காற்று அடங்கி வானம் மூடும் ஐப்பசி, கார்த்திகைதான் கஷ்டமான காலம்.

"மேட்டூர் அனல் நிலையத்தை மூடி அங்கேயே உலை வையுங்களேன்?"

சபையிலிருந்து யாராவது கேட்பார்கள். தண்ணீர் போதாது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கூடங்குளம் உலை 3,000 மெகாவாட் வெப்பத்தில் 1,000-ஐ மட்டுமே மின்சாரமாக்குகிறது. மிச்சம் அங்கே கடலுக்குப் போகிறது. கடல் இல்லாத இடத்தில், தண்ணீரை ஆவியாக்கிச் சூட்டைத் தணிக்கும் குளிர்கோபுரம் வேண்டும். யூனிட்டுக்கு 2.5 லிட்டர் ஆவியானால் நாளுக்கு 6 கோடி லிட்டர், அதாவது விநாடிக்குச் சுமார் 25 கனஅடி வீதம். டெல்டாவுக்கு 10,000 கனஅடிக்கு மேல் போகும் நாளில் அது தெரியவே தெரியாது. குடிநீருக்கு மட்டும் 1,000 கனஅடி விடும் வறட்சியில்தான் உறுத்தும். உண்மையான முட்டுக்கட்டை மக்கள். விதிப்படி உலையைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் ஊர் வளர்ச்சிக்குக் கட்டுப்பாடு, 16 கிலோமீட்டருக்கு அவசரகாலத் திட்டம். வரைபடத்தில் காம்பஸை வைத்துச் சுற்றிப் பாருங்கள், எத்தனை ஊர் உள்ளே வருகிறது என்று.

பணமும் காலமும்

கூடங்குளம் முதல் இரண்டு உலைகளுக்கு 13,171 கோடி என்று தொடங்கி 22,462 கோடியில் முடிந்தது. கட்டுமானம் 2002-ல், முதல் உலையின் வணிக உற்பத்தி 2014 டிசம்பரில். வேலை நின்றாலும் வட்டி நிற்காது: 10,000 கோடி முடங்கி, வட்டி 10 சதவீதம் என்றால், ஓராண்டுத் தாமதத்துக்கு 1,000 கோடி. கல்பாக்கத்து 500 மெகாவாட் வேக ஈனுலை (தான் எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) 2004-ல் தொடங்கியது. இருபது ஆண்டு கழித்து 2024 முடிந்தும் அது மின்சாரம் தரத் தொடங்கவில்லை. கமுதி சில மாதங்களில் எழுந்தது. ஆனால் உலை 40 ஆண்டுக்கு மேல் ஓடும். தகட்டுக்குப் பொதுவாக 25 ஆண்டு, இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறையாவது மாற்ற வேண்டும். அந்தச் செலவை எழுதாத மதிப்பீட்டுத் தாளை நம்ப வேண்டாம்.

மேடையில் எட்டு நிமிடம்தான் தருவார்கள். மூன்று எண்ணுக்கு மேல் சொன்னால் சபை கைவிட்டுவிடும். நீங்கள் எந்த அணியானாலும் 34 லட்சம் யூனிட் அந்த மூன்றில் ஒன்றாக இருக்கட்டும்.