உலோகத் தகடு மாடல் கிட்: முதல் மாடலை உடைக்காமல் செய்து முடிக்க

பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளங்கை அளவில் ஒன்றிரண்டு தகடுகள், ஒரு விளக்கத் தாள், அவ்வளவுதான். பசை வேண்டாம், பற்றவைப்பும் வேண்டாம். தகட்டில் ஏற்கெனவே அரித்து வடித்திருக்கும் துண்டுகளைக் கத்தரித்து, மடித்து, ஒன்றின் நாக்கை இன்னொன்றின் துளையில் நுழைத்து மடக்கினால் பஸ்ஸோ விமானமோ கோபுரமோ எழுந்து நிற்கும். அமெரிக்காவின் ஃபாசினேஷன்ஸ் நிறுவனம் தயாரிக்கும் மெட்டல் எர்த், சீனத் தயாரிப்பான பீஸ்கூல் ஆகியவை இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர்கள்.

தகட்டின் தடிமன் கால் மில்லிமீட்டருக்கு முன்னே பின்னே. மடிப்புக் கோடுகளில் அதிலும் ஒரு பகுதி அரிக்கப்பட்டிருக்கும். உலோகத்தை ஒரே இடத்தில் மடித்து, நிமிர்த்தி, மறுபடி மடித்தால் அந்த இடம் இறுகி, விரிசல் விட்டு, முறிந்துபோகும். ஒரு நாக்கு இரண்டாவது மடிப்பைப் பெரும்பாலும் தாங்கும், மூன்றாவதைத் தாங்காது. அதனால், எதையும் ஒரே தடவைதான் மடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பக்குவம் எல்லாம் அதற்காகத்தான்.

எந்தக் கிட்டில் தொடங்குவது?

பெட்டி வடிவமாக இருப்பதை எடுங்கள்: கட்டடம், வேன், பஸ், பீரங்கி வண்டி. ஒரு தகட்டில் முடிவதாக இருந்தால் இன்னும் நல்லது. நீராவி ரயில் என்ஜின் அழகுதான், ஆனால் அதன் பாய்லர் முழு உருளை. முதல் கிட்டுக்கு ஆகாது. மனித உருவங்கள், கவசங்கள் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். கிட்டைப் பொறுத்தவரை சிறியது என்றால் சுலபம் என்று அர்த்தமில்லை. மாடல் குட்டியாக ஆக நாக்கும் குட்டியாகும். மெட்டல் எர்த் அட்டையிலேயே எளிது, நடுத்தரம், கடினம் என்று குறித்திருப்பார்கள், அதை நம்பலாம். 14 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று போட்டிருப்பதையும் நம்புங்கள். வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி கீறும்.

கருவிகள்

மூன்று போதும். ஒன்று, ஒரு பக்கம் முழுத் தட்டையாக வெட்டும் சின்ன கட்டர்; எலக்ட்ரானிக்ஸ் வேலையில் காம்பொனென்ட் கால்களை நறுக்குவார்களே, அதே கட்டர். இரண்டு, தட்டை மூக்குள்ள குட்டி ப்ளையர், இரண்டு இருந்தால் வசதி. மூன்று, கூர் முனை ட்வீசர். மூன்றும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே கடையில் கிடைத்துவிடும். ப்ளையர் வாங்கும்போது வாயைத் திறந்து பாருங்கள். உள்ளே பல் இருந்தால் தகட்டில் தடம் விழும். பல் இல்லாத வழவழப்பான வாய் வேண்டுமென்றால் சௌகார்பேட்டைப் பக்கம் நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். வீட்டில் இருப்பது பல் உள்ளதுதான் என்றால் வாயின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒரு சுற்று ஒட்டிக்கொள்ளலாம்.

இவை போக ஒரு ஸ்டீல் ஸ்கேல், பல்குத்தும் குச்சி, குண்டூசி, வளைப்பதற்குச் சில உருளை வடிவச் சாமான்கள்.

இடம்

விளிம்புள்ள தாம்பாளம் ஒன்றில் கருநீலமோ கறுப்போ ஆன துணியை விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். வெள்ளித் துண்டு வெள்ளைத் துணியில் கண்ணுக்குப் படாது, வெறும் எவர்சில்வரில் சுத்தமாகக் காணாமல் போகும். ஃபேன் நிற்க வேண்டும். சென்னையில் மே மாதம் இதைச் சொல்வது கொடுமை என்று தெரியும். விடிகாலையில் உட்காருங்கள், அல்லது ஏசி அறைக்குப் போங்கள். துண்டு பறப்பது பாதிப் பிரச்சினைதான். உள்ளங்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டு தெரியாமல் போகும் துண்டுகள் மீதிப் பாதி.

1. தாளை முழுதாகப் படியுங்கள்

பல கிட்டுகளில் துண்டுகளின் எண் தகட்டில் இருக்காது, தாளில் உள்ள வரைபடத்தில்தான் இருக்கும். எந்த நாக்கை மடிப்பது, எதைத் திருகுவது என்பதற்குத் தனித்தனிக் குறிகள் இருக்கும். எந்த முகம் வெளிப்பக்கம் என்பதையும் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொடக்கக்காரர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்: உருவம் சரியாக வந்திருக்கும், ஜன்னல் கோடுகள் மட்டும் உள்ளே போயிருக்கும்.

2. கத்தரிப்பு

எல்லாத் துண்டுகளையும் முதலிலேயே வெட்டிக் குவிக்காதீர்கள். அடுத்த ஒரு கட்டத்துக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். இடது, வலது துண்டுகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்; துண்டுகளைச் சுற்றி நிற்கும் தகட்டுச் சட்டத்தை விட்டு வந்தபின் எது எது என்று கண்டுபிடிப்பது பாடு.

ஒவ்வொரு துண்டையும் மெல்லிய பாலங்கள் சில சட்டத்தோடு பிடித்திருக்கும். வெட்டுமுன் நன்றாகப் பாருங்கள். பாலம் துண்டிலிருந்து கிளம்பி சட்டத்தில் போய் முட்டும். நாக்கோ நுனியில் எதையும் தொடாமல் வெட்டவெளியில் நிற்கும். அவசரத்தில் நாக்கைப் பாலம் என்று நினைத்து நறுக்கிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும். கட்டரின் தட்டைப் பக்கம் துண்டை ஒட்டி இருக்கட்டும். கடைசிப் பாலத்தை வெட்டும்போது துண்டின் மேல் ஒரு விரலை வையுங்கள், இல்லாவிட்டால் தெறித்துப் போகும். கையால் ஆட்டி ஆட்டிப் பிய்க்க வேண்டாம், மூலை வளைந்துவிடும். மிச்சமிருக்கும் பிசிறை நகம் தேய்க்கும் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும்.

வெறும் சட்டத்தைக் குப்பையில் போடாதீர்கள். வேலை முடியும்வரை தேவைப்படும்.

3. மடிப்பு

ப்ளையரின் வாயோரம் மிகச் சரியாகக் கோட்டின் மேல் நிற்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்தால்கூட கோட்டில் மடியாமல் தகடு பொதுவாக வளையும். பிடித்தபின் மறுபக்கத்தைக் கோட்டுக்கு ஒட்டினாற்போல் நகத்தாலோ ஸ்கேலாலோ தள்ளுங்கள். நீளமான மடிப்பு என்றால் ஸ்கேலை மேலே வைத்து அழுத்தி, தகட்டின் மறுபாதியை மேஜை விளிம்பில் ஒரே சீராக இறக்குங்கள். நடுவில் மட்டும் அழுத்தினால் நடு மடியும், ஓரம் பிந்தும்.

உள்பக்கச் சின்ன மடிப்புகளை முதலில் முடியுங்கள். வெளி மடிப்பு வந்துவிட்டால் ப்ளையர் உள்ளே போக இடம் இருக்காது.

4. வளைப்பு

ரீஃபில் குழாய், ட்ரில் பிட்டின் வழவழப்பான அடிப்பகுதி, பென்சில், 10.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரிபிள் ஏ பேட்டரி, சுமார் 14 மில்லிமீட்டர் உள்ள டபுள் ஏ பேட்டரி: பெரும்பாலான கிட்டுகளுக்கு இவையே போதும். வளைத்த தகடு கையை எடுத்ததும் கொஞ்சம் பின்வாங்கும். எனவே வேண்டிய விட்டத்தைவிட ஒரு படி சின்னக் கம்பியில் சுற்றுங்கள்.

ஓரங்களில் தொடங்கி நடுவை நோக்கி வாருங்கள். நடுவில் தொடங்கினால் இரு ஓரமும் தட்டையாகவே நின்று, உருளை கண்ணீர்த்துளி வடிவில் முடியும். அகலமான துண்டை மவுஸ் பேடின் மேல் வைத்து, கம்பியை அழுத்தி உருட்டினால் தானாகச் சுருண்டு வரும். ஜன்னல், துளை இருக்கும் இடங்கள் பலவீனமானவை. அங்கே வளைவுக்குப் பதில் முறிவுக் கோடு விழும். அந்தப் பகுதியில் அழுத்தத்தைக் குறைத்து பல தடவை உருட்டுங்கள். இது மடிப்பல்ல, ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் உலோகம் தாங்கும்.

5. இணைப்பு

எல்லா நாக்குகளும் துளைகளில் நுழைந்தபின்தான் எதையும் மடக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் அழுத்திப் பிடித்து, ஒரு மூலை நாக்கை 45 டிகிரி மட்டும் சாயுங்கள். பிறகு எதிர் மூலை. இப்போது நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கோணல் இல்லை, துண்டு தலைகீழாக இல்லை என்று தெரிந்தபின் எல்லாவற்றையும் இறுக்குங்கள். தவறு தெரிந்தால், பாதி சாய்ந்த நாக்கை நிமிர்த்த அந்த ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கும்.

மடிப்பதா, திருகுவதா? திருகினால் துண்டை இழுத்துக் கட்டும், பிடிப்பு அதிகம். ஆனால் நாக்கு துருத்திக்கொண்டு நிற்கும். மடித்தால் படிந்துவிடும், பார்வைக்கு நல்லது. வெளியே தெரிகிற இடத்தில் மடிப்பு, வயிற்றுக்குள் மறையும் இடத்தில் திருகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டத்தில் அந்த இடத்தின் மேல் இன்னொரு துண்டு உட்காரப் போகிறது என்றால் மட்டும் உள்ளேயும் மடிப்புதான். திருகும்போது நாக்கின் அடியை ஒட்டிப் பிடியுங்கள். 45 முதல் 60 டிகிரி போதும். 90-ஐத் தாண்டினால் கையோடு வந்துவிடும்.

நாக்கு நுழையவில்லையா? பலம் போடாதீர்கள். பிசிறு மிச்சமிருக்கலாம், மடிப்பு முழு 90 ஆகாமல் இருக்கலாம், வேறு துண்டையே எடுத்திருக்கலாம். மூன்றும் இல்லை என்றால் துளையைக் குண்டூசி முனையால் லேசாக விரியுங்கள்.

முறிந்துவிட்டால்

இரண்டு மூன்று நாக்குள்ள பக்கத்தில் ஒன்று போனால் கவலையில்லை, மற்றவை தாங்கும். இருந்த ஒரே நாக்கு போனால், ஃபெவிக்விக்கைப் பல்குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு உள்பக்கமாக வையுங்கள். ஒரு பொட்டு, அதற்கு மேல் வேண்டாம். ஈரக் காற்றில் இந்தப் பசையின் ஆவி சுற்றிலும் வெள்ளைப் பூஞ்சை மாதிரி படியும். நம் ஊரில் அது நிச்சயம். ஒட்டியபின் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுத்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். படிந்துவிட்டால் நெய்ல் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம், ஆனால் வண்ணம் அச்சிட்ட தகட்டில் வண்ணமும் சேர்ந்து போகும். அவற்றுக்கு அரால்டைட் பசை நல்லது.

துண்டே தொலைந்தால்தான் அந்தச் சட்டம் கைகொடுக்கும். அதே தடிமன், அதே நிறம். கம்பி, பட்டை மாதிரி எளிய துண்டுகளை அதிலிருந்தே வெட்டிக்கொள்ளலாம். முதலில் ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தரையில் துழாவிப் பாருங்கள். தகடு காந்தம் ஒட்டும் ரகமாக இருந்தால் தொலைந்ததும் கிடைக்கும், வெட்டிய பாலத் துணுக்குகளும் சேர்ந்து வரும். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பவர்கள் நாம்; அந்தத் துணுக்குகளை விட்டுவைக்கக் கூடாது. பித்தளைக்குக் காந்தம் உதவாது, விளக்குமாறுதான்.

முடித்தபின்

கைவியர்வையின் உப்பு தகட்டில் தங்கினால் ரேகை கறையாக நிலைத்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒருமுறை துடையுங்கள் (வண்ண அச்சு என்றால் உலர்ந்த துணி). திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடற்கரையை ஒட்டி இருப்பவர்கள் மாடலைத் திறந்த ஷெல்ஃபில் வைக்க வேண்டாம். அக்ரிலிக் பெட்டி, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். தூசிக்கு மெல்லிய பெயின்ட் பிரஷ்.

பித்தளை மாடல் கறுத்தால் அம்மாவோ பாட்டியோ புளியை எடுத்துக்கொண்டு வருவார்கள். தடுத்துவிடுங்கள். துளைகளுக்குள் தங்கும் புளிப்பு பின்னால் பச்சை பிடிக்கும், தேய்க்கிற வேகத்துக்கு ஒரு நாக்குகூட மிஞ்சாது.