விலங்கு வலிப்புச் சோதனைகள்: மருந்தை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுண்டெலிக்குப் புது மருந்தைக் கொடுத்து வலிப்பைத் தூண்டுகிறோம். வலிப்பு அடங்கினால் மருந்து நல்லது, அடங்காவிட்டால் குப்பை. மூளை மருந்துகளைச் சலித்தெடுப்பதில் இப்படி முடிவுகட்டுவதைவிடப் பெரிய தவறு இல்லை.

லெவெடிரசெட்டாம் என்ற வலிப்பு மருந்தையே பாருங்கள். வழக்கமான சோதனைகள் இரண்டு: உச்ச மின்னதிர்ச்சி, வலிப்பைத் தூண்டும் வேதிப்பொருளான பென்டிலீன்டெட்ரசால் ஊசி. இரண்டிலும் அது தோற்றது. இவற்றை மட்டும் நம்பியிருந்தால் அத்தோடு அதன் கதை முடிந்திருக்கும். ஆனால் லேசான மின்தூண்டலைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, மூளையை வலிப்புக்குப் பழக்கும் கிண்ட்லிங் முறையில் அது நன்றாகவே வேலை செய்தது. 1999இல் அமெரிக்காவில் அனுமதியும் பெற்றது. நல்ல மூளையில் ஒருமுறை வலிந்து உண்டாக்கும் வலிப்பும், தானாகவே மீண்டும் மீண்டும் வரும் வலிப்பு நோயும் ஒன்றல்ல.

தேறிவிட்டாலும் அவசரப்படக் கூடாது. பென்டிலீன்டெட்ரசால் சோதனையில் தேறினால், சில நொடி நினைவு தப்பும் ஆப்சன்ஸ் வலிப்புக்கும் உதவும் என்று வெகுகாலம் நம்பினார்கள். எத்தோசக்சிமைடு என்ற மருந்தின் விஷயத்தில் அது சரிதான். ஆனால் அதே சோதனையில் தேறிய விகாபட்ரின், டையகாபின் ஆகிய வலிப்பு மருந்துகள் இரண்டும் ஆப்சன்ஸ் வலிப்பை மோசமாக்கக்கூடியவை.

அடுத்தது, மயக்கத்தை மருந்தின் பலனாக எண்ணிக்கொள்வது. மின்னதிர்ச்சிச் சோதனையில் பின்னங்கால்கள் விறைத்து நீள்வது நின்றதா என்றுதான் பார்க்கிறோம். தசையைத் தளர்த்தும் மருந்தும் அதை நிறுத்திவிடலாம். அதனால் சுழலும் தண்டில் விலங்கை நிற்கவைக்கும் ரோட்டாராட் சோதனையைக் கூடவே செய்து, பாதி விலங்குகள் தடுமாறும் டோஸையும் பாதி விலங்குகளைக் காக்கும் டோஸையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் நெருக்கமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அப்புறம், மருந்து மூளையில் உச்சத்தை எட்டும் நேரம் தெரியாமல் அரை மணியில் அளந்துவிட்டு ‘பலனில்லை’ என்று எழுதுவதும் நடக்கிறது. எலியின் இனவகை மாறினாலும் விடை மாறும்.

வலிப்பு மருந்தே அல்லாத, மனச்சோர்வு மருந்து போன்றவற்றைச் சோதிக்கும்போது கேள்வியே வேறு: இது வலிப்பைக் கிளப்புமா? அதற்கு எல்லா விலங்குக்கும் வலிப்பு வரும் அளவுக்கு வலிப்புத் தூண்டியை முழு டோஸாகக் கொடுப்பது உதவாது. அங்கே மோசமாவதற்கு இடமே இல்லையே. பென்டிலீன்டெட்ரசாலை வால் சிரையில் மெதுவாக ஏற்றி, முதல் துடிப்பு எந்த அளவில் வருகிறது என்று அளக்க வேண்டும். புது மருந்து கொடுத்த விலங்குகளில் அந்த அளவு குறைந்தால் எச்சரிக்கைதான்.