தனிமங்களின் வினைத்திறன்: எங்கே தடுமாறுகிறோம்?

"தொகுதியில் (அட்டவணையின் செங்குத்து வரிசையில்) கீழே போகப் போக வினைத்திறன் கூடும்." இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டு தனிம வரிசை அட்டவணை முழுவதற்கும் பொருத்துவதுதான் பெரிய தவறு. லித்தியம், சோடியம் போன்ற கார உலோகங்களுக்கு அது சரி. அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான அயனியாக்கும் ஆற்றல் லித்தியத்துக்கு மோலுக்கு 520 கிலோஜூல். அதே தொகுதியில் கீழே இருக்கும் சீசியத்துக்கு 376 தான். வெளிக்கூடு உட்கருவை விட்டு விலக விலக, எலக்ட்ரானை இழப்பது எளிதாகிறது. ஃபுளூரின், குளோரின், அயோடின் போன்ற ஹாலஜன்களோ எலக்ட்ரானை வாங்குபவை. அதே தூரம் அங்கே பாதகமாகிவிடும். அதனால்தான் ஃபுளூரின் சீறுகிறது, அயோடின் சாதுவாக இருக்கிறது. கொடுக்கும் தனிமமா, வாங்கும் தனிமமா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், ஃபுளூரினுக்குத்தான் எலக்ட்ரான் நாட்டமும் (ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல்) அதிகம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். குளோரினுக்கு 349 கிலோஜூல், ஃபுளூரினுக்கு 328. சின்னஞ்சிறு அணுவில் ஏற்கெனவே நெருக்கியடித்திருக்கும் எலக்ட்ரான்கள், புதிதாக வருவதைத் தள்ளுகின்றன. ஃபுளூரினின் வேகம் வேறு இடத்திலிருந்து வருகிறது. அதன் மூலக்கூறை உடைக்க 158 கிலோஜூல் போதும், குளோரினுக்கு 242 வேண்டும். உடைந்த பிறகு மற்ற அணுக்களோடு ஃபுளூரின் அமைக்கும் பிணைப்புகளும் மிக வலுவானவை.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் லித்தியம். கரைசலில் ஓர் உலோகம் எலக்ட்ரானை இழக்கும் போக்கைக் காட்டுவது திட்ட மின்முனை அழுத்தம்; எவ்வளவு எதிர்மமோ, அவ்வளவு அதிகப் போக்கு. லித்தியத்துக்கு அது −3.04 வோல்ட், சோடியத்துக்கு −2.71. எண்ணை மட்டும் பார்த்தால் தண்ணீரில் லித்தியம்தான் அதிக ஆர்ப்பாட்டம் செய்ய வேண்டும். ஆனால் அது நிதானமாகக் குமிழ் விடுகிறது. சோடியம் உருகி உருண்டையாகி நீர்ப்பரப்பில் ஓடுகிறது, பொட்டாசியம் தீப்பற்றிக்கொள்கிறது. வினை நடக்க எவ்வளவு சாதகம் என்பதை மட்டுமே அந்த எண் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. சோடியம் 98 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், லித்தியத்துக்கு 180 வேண்டும். உருகாத உலோகத்தில் வினை மெதுவாகத்தான் பரவும்.

அலுமினியமும் இதே போலத்தான் ஏமாற்றும். துருப்பிடிக்காததால் வினைத்திறன் குறைவு என்று நினைக்காதீர்கள். மெல்லிய ஆக்சைடு படலம் அதை மூடிக் காக்கிறது, அவ்வளவுதான். நைட்ரஜனிலும் அணுவையும் மூலக்கூறையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எளிதில் வினைபுரியாமல் சாதுவாக இருப்பது 945 கிலோஜூல் வலுவுள்ள முப்பிணைப்பால் கட்டுண்ட மூலக்கூறு; தனி அணு அப்படியல்ல.

கடைசியாக, மந்த வாயுக்கள் எதனுடனும் சேராது என்ற பழைய வாக்கியம். பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறிப்பதை வேதியியலாளர் நீல் பார்ட்லெட் கண்டிருந்தார். மந்த வாயுவான செனானின் அயனியாக்கும் ஆற்றலும் கிட்டத்தட்ட அதே அளவுதானே என்று யோசித்து, 1962-ல் இரண்டையும் கலந்தார். செனானும் வினைபுரிந்தது.