பழைய காருக்குப் பெரிய செலவு: எதற்குக் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

முதலில் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) தேதியைப் பாருங்கள். சொந்தக் காருக்கு 15 ஆண்டு முடிந்தால் ஆர்டிஓ ஆபீஸில் எஃப்சி (வண்டியின் தகுதிச் சோதனை) காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் புதுப்பிப்பு 5 ஆண்டுக்குச் செல்லும். அடிச்சட்டம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் இன்ஜினுக்குக் காசு போடவே வேண்டாம்.

பிரேக், ஸ்டீயரிங், டயரில் தள்ளிப்போடும் பேச்சே கூடாது. பிஸ்டனையும் வால்வையும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் கெடு தாண்டியிருந்தால் அதுவும் அப்படித்தான். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மோதி வால்வு வளைந்துவிடும், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையே கழற்ற வேண்டிவரும். பெல்ட்டை மாற்றும்போதே அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றுங்கள், கூலி மிச்சம்.

சித்திரை வெயிலில் மதுரை கோரிப்பாளையம் நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறினால், ‘ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போச்சு’ என்று மெக்கானிக் சொல்வதை உடனே நம்பாதீர்கள். வண்டி ஓடும்போது முள் இறங்கி, நின்றால் ஏறுகிறதா? முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன்தான். அதற்கு ஆகும் செலவு எவ்வளவோ குறைவு. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெளியே ஒழுகாமலே குறைந்தாலோ, ஆயில் டிப்ஸ்டிக்கில் பால்காபி நிறம் தெரிந்தாலோ கேஸ்கெட் பக்கம் போக வேண்டும். இன்ஜின் ஆறாமல் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.

கிளட்ச் சோதனை எளிது. சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்தி, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அணைந்தால் பிளேட் பிடிக்கிறது. ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. அந்த வண்டியில் கொடைக்கானல் மலை ஏறாதீர்கள்.

ஏசி கம்ப்ரசர், பெயிண்ட் எல்லாம் இவை முடிந்த பிறகு.