அல்புஹாரா மலைக் கிராமங்களுக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஸ்பெயினில் கிரனாடா வரை போகிறவர்கள் அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்த்த கையோடு, அடுத்த நாளை மலைக் கிராமங்களுக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சியரா நெவாடா மலைத்தொடரின் தென்சரிவில் உள்ள அல்புஹாராவைத்தான் சொல்கிறேன். அங்கே பொகேய்ரா பள்ளத்தாக்கில் பம்பனேய்ரா, புபியோன், கபிலேய்ரா என்று மூன்று வெள்ளைக் கிராமங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. கீழே இருக்கும் பம்பனேய்ரா ஆயிரம் மீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரம், மேலே கபிலேய்ரா 1,436 மீட்டர். காலையில் வந்து மூன்றையும் படம் எடுத்துவிட்டு மாலையில் திரும்புவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. தூரம் எழுபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் ஓர்ஹிவா ஊரைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும், காரிலேயே ஒன்றரை மணி நேரம் ஆகும், பேருந்தில் இன்னும் கூடுதல். சுற்றுலா வண்டிகள் நண்பகலில் வந்து மாலைக்குள் கிளம்பிவிடுகின்றன. ஊர் தன் இயல்பில் இருப்பது அதற்கு முன்பும் பின்பும்தான். இரண்டு இரவாவது தங்குங்கள்.

தங்கினால் கிராமத்திலிருந்து கிராமத்துக்கு நடக்கலாம். பேருந்தில் கபிலேய்ராவுக்கு ஏறிவிட்டு, அங்கிருந்து புபியோன் வழியாகப் பம்பனேய்ராவுக்கு இறங்கி வருவது மூச்சு வாங்காத வழி. பாதை கல்லும் சரளையுமாக இருக்கும் என்பதால் பிடிமானமுள்ள ஷூ வேண்டும், செருப்பு ஆகாது. திரும்பும் பேருந்து நேரத்தை முந்தைய நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான் ஓடுகின்றன.

கார் எடுக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். அப்புறம், வரைபடத்தில் கிரனாடா பக்கத்திலிருந்து மலை உச்சி வழியாகக் கபிலேய்ராவுக்கு ஒரு கோடு தெரியும். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மிக உயரமான சாலை என்று பேசப்பட்டது அது. சியரா நெவாடா 1999இல் தேசியப் பூங்கா ஆனது. இன்று அந்த உச்சிப் பகுதியில் தனியார் வண்டிகளை விடுவதில்லை, இரு பக்கமும் தடுப்பு உண்டு. குறுக்கு வழி என்று நம்பிக் கிளம்பினால் மலையில் பாதி தூரம் ஏறி, திரும்பி வந்து, மொத்த மலையையும் சுற்றிப் போக வேண்டியிருக்கும். கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் வண்டியை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிடுங்கள். உள்ளே இருப்பவை கழுதைகளுக்காகப் போட்ட சந்துகள்.

அந்தச் சந்துகளில் நடக்கும்போதுதான் அடுத்த தவறு நடக்கிறது. செங்குத்தான சரிவு என்பதால், மேல் தெருவின் மட்டத்துக்கே கீழ்வீட்டின் கூரை வந்துவிடும். பார்வைக்கு அது காட்சி மேடை போலவே இருக்கும், வெயில் வேறு இதமாக விழும். உடனே அதில் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். இந்தத் தட்டைக் கூரையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அடியில் செஸ்ட்நட் மர உத்தரங்கள், அதன் மேல் பலகைக்கல், எல்லாவற்றுக்கும் மேலே லவுனா என்கிற சாம்பல் நிறக் களிமண் பொடி. மழை பட்டதும் அந்த மண் இறுகித் தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும். சிமென்ட் ஏதும் கிடையாது. நாம் மிதிக்கும் இடத்தில் பள்ளம் விழுந்தால் அங்கே தண்ணீர் தேங்கும், அடுத்த மழையில் ஒரு குடும்பத்தின் படுக்கையறையில் ஒழுகும். கூரை என்று தெரிந்தால் கால் வைக்காதீர்கள். தெருவின் குறுக்கே வீட்டின் மேல்மாடி நீண்டு, கீழே நிழலான நடைவழியாக இருக்கும் பகுதியைத் தினாவோ என்கிறார்கள். அதன் கீழே தாராளமாக நடக்கலாம், ஆனால் அங்கேதான் வீட்டு வாசல்கள் இருக்கின்றன. பூந்தொட்டியை நகர்த்தி வைத்து, வாசலை மறித்துப் படம் எடுப்பது நம் தெருவில் ஒருவர் செய்தால் நமக்குப் பிடிக்குமா?

இனி தண்ணீர். இந்த மலையை வாழவைப்பதே அதுதான், பயணிகள் அதிகம் சேதப்படுத்துவதும் அதைத்தான். பாதையோரம் முழங்கால் ஆழத்துக்கு ஓடும் வாய்க்கால்களை அசேகியா என்கிறார்கள். இங்கே முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் வெட்டிய வலைப்பின்னல் இது. 1568 முதல் 1571 வரை நடந்த மொரிஸ்கோக்களின், அதாவது கட்டாயமாகக் கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களின், கிளர்ச்சிக்குப் பிறகு இந்த மலையின் பழைய குடிகள் வெளியேற்றப்பட்டு, வடக்கிலிருந்து கலீசியா, லியோன் போன்ற பகுதிகளின் மக்கள் குடியமர்த்தப்பட்டார்கள். ஆட்கள் மாறினாலும் வாய்க்கால்கள் நிற்கவில்லை. இன்றும் முறை வைத்துத்தான் பாசனம். யாருக்கு எந்த நேரம், எந்த மடை என்று கணக்கு உண்டு.

மடையை அடைக்கப் பலகையோ, ஒரு தட்டைக் கல்லோ, அதைச் சுற்றி மண்ணும் துணியும் வைத்திருப்பார்கள். பார்க்கக் கேட்பாரற்றுக் கிடப்பது போல இருக்கும். குழந்தை விளையாட்டாக அந்தக் கல்லை நகர்த்தினால், கீழே ஒருவருடைய அவரைப் பாத்திக்குப் போக வேண்டிய தண்ணீர் வேறு பக்கம் போய்விடும். அவருடைய முறை முடிந்துவிட்டால் அடுத்த முறை வரும்வரை பயிர் காய வேண்டியதுதான். வாய்க்கால் கரையில் நடப்பதும் அப்படியே. பாதை கரை மேலேயே போனால் சரி. இல்லையென்றால் மண் கரையை மிதித்து உடைக்காதீர்கள்.

உயரத்தில் இன்னொரு வகை வாய்க்கால் உண்டு. வயலுக்குப் போகாமல், பனி உருகும் தண்ணீரை மலைச்சரிவில் குறிப்பிட்ட இடங்களில் கொட்டிவிடும். வாய்க்கால் உடைந்து தண்ணீர் வீணாகிறது என்று நினைத்துக் கல்லைப் போட்டு அடைக்கத் தோன்றும். வேண்டாம். அந்தத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி, மெதுவாக நகர்ந்து, கோடையில் கீழே ஊற்றாக வெளிவருகிறது. பனியில்லாத மாதங்களுக்கான தண்ணீரைக் குளமும் அணையும் இல்லாமல் மலைக்குள்ளேயே சேர்த்துவைக்கும் ஏற்பாடு இது, இத்தனை நூற்றாண்டாக வேலை செய்கிறது. ஆள் குறைந்து கைவிடப்பட்ட வாய்க்கால்களை 2014 முதல் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து தூர்வாரி மீட்டு வருகிறார்கள். ஏரியும் மதகும் தெரிந்த ஊரிலிருந்து போகும் நமக்கு இதன் அருமை சட்டென்று புரியும்.

குடிப்பதற்கு ஊர்க் குழாய் நீரை எடுங்கள். வாய்க்கால் நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மேலே ஆடு மாடு மேய்கிறது. ஒரே ஒரு விதிவிலக்கான அனுபவம்: போர்த்துகோஸ் ஊருக்கு வெளியே ஃபுவென்தே ஆக்ரியா என்ற ஊற்று. பாறை முழுக்கச் செங்காவி படிந்திருப்பதைப் பார்த்துப் பலர் அசுத்தம் என்று விலகிப் போகிறார்கள். இரும்புச் சத்தால் வந்த நிறம் அது, தண்ணீரில் இயற்கையாகவே வாயுவும் இருக்கும். ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நம்மவர்கள் தடுமாறுவது நேரத்தில்தான். பன்னிரண்டு மணிக்குப் பசித்தால் ஒன்றும் கிடைக்காது. மதியச் சமையல் இரண்டு மணி வாக்கில் தொடங்கி நான்குக்கு முடியும். அதன்பின் இரவு எட்டரை, ஒன்பது வரை அடுப்பு ஓய்வில் இருக்கும். கடைகளும் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை மூடியிருக்கும். ரொட்டி, பழம், பாலாடைக்கட்டி என்று காலையிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சில்லறை ரொக்கமும் வைத்திருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'இறைச்சி வேண்டாம்' என்பதோடு நிறுத்தினால் போதாது. பன்றித்தொடையை உப்பிட்டு உலர்த்திய ஹமோன் இங்கே தாளிப்பு மாதிரி. பீன்ஸ் சூப்பிலும் கீரைப் பொரியலிலும் துண்டு துண்டாகக் கிடக்கும். 'ஹமோனும் வேண்டாம், மீனும் வேண்டாம்' என்று ஆர்டர் கொடுக்கும்போதே தனித்தனியாகச் சொல்லுங்கள். கிரனாடா மாகாணத்தில் பானம் வாங்கினால் இலவசமாகத் தரும் சிறு தட்டுக்கும் இதேதான். நம் நாக்குக்கு ஒத்துவருவது பபாஸ் அ லோ போப்ரே: உருளைக்கிழங்கை வெங்காயம், குடைமிளகாயோடு ஆலிவ் எண்ணெயில் மெல்ல வேகவைத்தது. அசைவர்களுக்கு அதோடு முட்டை, தொத்திறைச்சி, இரத்தத் தொத்திறைச்சி, ஹமோன் எல்லாம் சேர்ந்த அல்புஹாரா தட்டு உண்டு. ஒரு தட்டு இருவருக்குக் காணும்.

மலையேற்றத்தில் செய்யும் தவறு ஆபத்தானது. ஸ்பெயினின் தீபகற்பப் பகுதியில் மிக உயரமான சிகரம் முலாசேன், 3,479 மீட்டர். கபிலேய்ராவிலிருந்து பார்த்தால் பக்கத்தில்தானே என்று தோன்றும். ஆனால் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். கோடையில் தேசியப் பூங்காவின் சிறு பேருந்து கபிலேய்ராவிலிருந்து சுமார் 2,700 மீட்டர் உயரம் வரை கொண்டுபோய் விடுகிறது. முன்பதிவு செய்தால் ஒரே நாளில் உச்சிக்குப் போய்த் திரும்பலாம். கீழே வெயில் கொளுத்தும் நாளிலும் மேலே காற்று ஆளைத் தள்ளும், மதியத்துக்கு மேல் இடி மழை வரும். காற்றுத் தடுப்பு மேலாடையும், இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரும் கொண்டு போங்கள். மே, ஜூனில்கூடச் சரிவுகளில் உறைபனி இருக்கும். பனிமுள் காலணியும் பழக்கமும் இல்லாதவர்கள் அப்போது உச்சிக்கு முயலவே வேண்டாம்.

வழியில் ஆட்டுக் கிடையைக் கண்டால் காவலுக்குப் பெரிய மாஸ்டிஃப் நாய்கள் இருக்கும். ஓடாமல், அதட்டாமல், கிடையைச் சுற்றி அகலமாக விலகிப் போங்கள். திறந்து கடந்த வேலிக்கதவை மூடிவிடுங்கள். இலையுதிர் காலத்தில் தரையில் உதிர்ந்து கிடக்கும் செஸ்ட்நட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு, பொறுக்காதீர்கள். ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை, கிரனாடா அடங்கிய அந்தலூசியா பிராந்தியத்தின் காட்டுப்பகுதிகளில் நெருப்பு மூட்டத் தடை. அணையாத சிகரெட் துண்டுகூட ஒரு மலையை எரித்துவிடும்.

எப்போது போகலாம் என்றால் மே, ஜூன் அல்லது செப்டம்பர், அக்டோபர். ஆகஸ்டில் வெளியூரில் பிழைப்பவர்கள் ஊர்த் திருவிழாவுக்குத் திரும்புகிறார்கள், அறை கிடைப்பது கஷ்டம். ஆனால் ஆகஸ்ட் 5இல் திரெவேலெஸ் ஊர் மக்கள் பனிமாதா சிலையோடு முலாசேன் உச்சிக்கே போகும் யாத்திரையைப் பார்க்க ஆசைப்பட்டால், அறையைச் சில மாதம் முன்பே பிடித்துவிடுங்கள். மலையில் ஏதாவது அசம்பாவிதம் என்றால் அழைக்க வேண்டிய எண் 112.