பாக் நீரிணை நீந்தப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் வேணாம்

போன பிப்ரவரில ஒரு தம்பிக்குத் துணைப் படகுல போயிருந்தேன். இலங்கைப் பக்கம் தலைமன்னார்ல ராத்திரி இறங்கி தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும், கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். நல்லா நீந்துற பையன், கைவீச்சுல குறையே சொல்ல முடியாது. முதல் அரை மணி நேரத்துல பாட்டில கயித்துல கட்டித் தூக்கிப் போட்டா, "அண்ணே பசிக்கல, அடுத்த தடவை பாத்துக்கலாம்"னு சொல்லிட்டு நீந்திப் போயிட்டான். எனக்கு வயித்துல புளியக் கரைச்சிடுச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அதே கடல்ல நான் சொன்னதும் அதேதான், வார்த்தை கூட மாறல. அவனும் கடைசில படகுலதான் கரைக்கு வந்தான்.

முந்தின நாள் நல்லா தூங்குங்க, சன்ஸ்கிரீன் பூசுங்க மாதிரி விஷயமெல்லாம் விட்டுடறேன், அது எல்லாருக்கும் தெரியும். வருஷா வருஷம் புதுசா வர்றவங்க எங்க மாட்டிக்கிறாங்களோ அத மட்டும் சொல்றேன்.

கிலோமீட்டர எண்ணுறது

"அண்ணே, நீச்சல் குளத்துல 10 கிலோமீட்டர் போட்டுட்டேன்"னு சொல்வாங்க. 25 மீட்டர் குளத்துல 10 கிலோமீட்டர்னா 400 தடவை சுவத்த உதைக்கிறோம். ஒவ்வொரு உதைக்கும் மூணு நாலு மீட்டர் சும்மா வழுக்கிட்டுப் போகுது, கூட்டிப் பாருங்க, ஒரு கிலோமீட்டருக்கு மேல கையே போடாம வந்திருப்பீங்க. கடல்ல உதைக்கச் சுவரும் கிடையாது, புடிச்சு மூச்சு வாங்க விளிம்பும் கிடையாது.

அத விட முக்கியம், கடல்ல தூரம்ங்கிறது நீரோட்டம் சொல்றதுதான். 1966ல மிஹிர் சென்ங்கிற நீச்சல் வீரருக்கு தலைமன்னார்லேர்ந்து தனுஷ்கோடி வந்து சேர 25 மணி 36 நிமிஷம் ஆச்சு. 2022ல ஜியா ராய்ங்கிற 13 வயசுப் பொண்ணு அதே பக்கத்துல 13 மணி 10 நிமிஷத்துல வந்து சேர்ந்துச்சு. அதனால எத்தனை கிலோமீட்டர்னு கேக்காதீங்க, தண்ணில எத்தனை மணி நேரம் இருந்து பழகியிருக்கீங்கன்னு கேளுங்க. கடல்ல ஒரு தடவையாவது ஆறு மணி நேரம், மறுநாள் காலைல அதே வலியோட இன்னொரு மூணு மணி நேரம், இது இல்லாம தேதி குறிக்காதீங்க.

வயித்தப் பழக்காம இறங்குறது

இதுதான் எனக்கு இன்னைக்கும் ஆறல.

ஒரு வருஷம் காலைல நாலரைக்கு எழுந்து நீந்தினேன், லீவு போட்டு லீவு போட்டு ராமேஸ்வரம் போய் கடல்ல பழகினேன், படகு, அனுமதி, டாக்டர் சர்டிபிகேட்னு பி.எஃப்.லேர்ந்து எடுத்த காசெல்லாம் போட்டேன், ஆனா கடல்ல என்ன சாப்பிடப் போறேன்னு ஒரு மணி நேரம் உக்காந்து யோசிக்கல. பயிற்சில ரெண்டு மூணு மணி நேரம் நீந்திட்டு கரைக்கு வந்து இட்லி சாப்பிடுவேன், ஒண்ணும் ஆகல, அப்போ பிரச்சினை இல்லன்னு இருந்துட்டேன்.

அந்த ரெண்டு மணி நேர நீச்சல்தான் நம்மள ஏமாத்துது. நல்லா சாப்பிட்டுட்டு இறங்கினா உடம்புல சேர்ந்திருக்கிற சர்க்கரை, கிளைகோஜன்னு சொல்வாங்க, ரெண்டு மூணு மணி நேரம் தாங்கிடும். அதுக்கப்புறம் நீங்க குடிக்கிற சர்க்கரைதான் கைய இழுக்கணும். மணிக்கு 500 கலோரி, சில பேருக்கு அதுக்கு மேலயும் செலவாகும். ஆனா வெறும் குளுக்கோஸ் கொடுத்தா குடல் மணிக்கு சுமார் 60 கிராம்தான் உறிஞ்சும், கிராமுக்கு 4 கலோரின்னா 240. ஃபிரக்டோஸும், அதாவது பழச் சர்க்கரையும் கலந்து மாசக்கணக்குல பழக்கினா 90 கிராம் வரைக்கும் போகலாம். ஆக என்ன பண்ணினாலும் கடன்தான், அந்தக் கடன் மெதுவா ஏறுதா வேகமா ஏறுதாங்கிறது மட்டும்தான் நம்ம கைல இருக்கு. பசிச்சா குடிக்கலாம்னு காத்திருந்தா, அலையில ஆடிக்கிட்டே போறப்ப பசியே தெரியாது, தெரியுறப்ப கை ஓஞ்சிருக்கும்.

எனக்கு நடந்தது அதேதான். முதல் பாட்டில் வேணாம்னுட்டேன், அடுத்தது பாதி. நாலாவது மணி நேரத்துல ஒரு ஃபிரெண்டு ஆசையா வாங்கிட்டு வந்த வெளிநாட்டு எனர்ஜி ஜெல், அதுக்கு முன்னாடி வாழ்நாள்ல தொட்டதே இல்ல, சத்து இருக்கும்னு ரெண்டு பாக்கெட் முழுங்கினேன். ஏற்கனவே வாயில போன உப்புத் தண்ணி, படகு டீசல் புகை, அதோட இதுவும் சேர்ந்து ஏழாவது மணி நேரத்துல எல்லாம் வெளிய வந்துடுச்சு. அதுக்கப்புறம் எதக் குடிச்சாலும் அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துச்சு. நிமிஷத்துக்கு 64 இருந்த கைவீச்சு 48க்கு இறங்கிடுச்சு, ஆனா அத எழுதி வெக்க படகுல ஆளே போடல, அப்புறம் வீடியோவுல எண்ணித்தான் தெரிஞ்சுது. வெதுவெதுன்னு இருந்த தண்ணில எனக்குப் பல்லு தந்தி அடிச்சுது. ஒம்போதே முக்கால் மணி நேரத்துல தூக்கிட்டாங்க, மணல் திட்டு கண்ணுக்குத் தெரியுது. மறுநாள் தோள் வலிக்கவே இல்ல. அதுதான் இன்னைக்கும் எரியுது, கைல இன்னும் தெம்பு இருந்துச்சு, வயிறுதான் காலி.

அதனால தயவுசெஞ்சு கேளுங்க. நாலு மணி நேரத்துக்கு மேல போற ஒவ்வொரு பயிற்சிலயும், அரை மணிக்கு ஒரு தடவை, முதல் அரை மணிலேர்ந்தே, 200, 250 மில்லி தண்ணில 30 கிராம் மாவுச்சத்து. மால்டோடெக்ஸ்ட்ரின்னு சீக்கிரம் செரிக்கிற மாவுச்சத்துப் பவுடர் கிடைச்சா அது, இல்லன்னா குளுக்கோஸ், வடிகட்டின அரிசிக் கஞ்சில நாட்டுச்சர்க்கரை கூட எனக்கு ஒத்துக்குச்சு, ஆனா எனக்கு ஒத்துக்கிட்டது உங்களுக்கு ஒத்துக்கணும்னு இல்ல, அதுக்குத்தான் பழகச் சொல்றேன். எட்டு மணி நேரத்துக்கு மேல இனிப்பு குமட்டும், ஃபிளாஸ்க்ல தெளிவு ரசமோ உப்புக் கஞ்சியோ இருக்கட்டும். வெறும் தண்ணிய மட்டும் மொடக்கு மொடக்குன்னு ஏத்தாதீங்க, ரத்தத்துல சோடியம் இறங்கிட்டா தலை சுத்தும், குழம்பும், ஆபத்து. உப்புத் தண்ணில நாக்கு தடிச்சுப் போகும், மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணி கலந்த மவுத்வாஷ் வெச்சுக் கொப்புளிங்க.

வாங்கிக் குடிக்கிறதும் ஒரு பயிற்சிதான். படகத் தொட்டா நீச்சல் செல்லாது, அதனால மல்லாக்கப் படுத்து, கயித்துல வர்ற பாட்டிலப் புடிச்சு, ஒரு நிமிஷத்துக்குள்ள குடிச்சுட்டு விட்டுடணும். அரட்டை அடிச்சு அஞ்சஞ்சு நிமிஷம் நின்னா பன்னெண்டு மணி நேரத்துல வர்ற 24 தடவைக்கு ரெண்டு மணி நேரம் போச்சு, அந்த ரெண்டு மணி நேரமும் நீரோட்டம் உங்களத் தள்ளிக்கிட்டேதான் இருக்கும்.

படகுல ஒருத்தர் கைல நோட்டு இருக்கணும். மணி, எவ்வளவு குடிச்சார், யூரின் போனாரா, நிமிஷத்துக்கு எத்தனை கைவீச்சு. "பசிக்குதா?"ன்னு அவர் கேக்கவே கூடாது, நேரம் வந்தா பாட்டில் வரும், அவ்ளோதான்.

படகுக்காரர்கிட்ட முந்தின நாளே பேசாதது

நீங்க எந்தப் பக்கம் மூச்சு வாங்குறீங்களோ அந்தப் பக்கம் படகு இருக்கணும், ஆனா புகை உங்க மேல அடிக்கக் கூடாது. காத்து மாறினா படகு எப்படித் திரும்பும்னு கரையிலயே பேசி வைங்க. நீரோட்டத்த நீவாடுன்னு சொல்வாங்க கடல்காரங்க, எந்த நேரத்துல எந்தப் பக்கம் இழுக்கும்னு அவங்க சொல்றத ஆப் காட்டுறதுக்கு மேல மதிங்க. வாடைக்காத்து ஓஞ்சு தென்மேற்குக் காத்து வர்றதுக்குள்ள இருக்கிற பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், அதுதான் பெரும்பாலும் கிடைக்கிற காலம். ரெண்டு நாட்டு அனுமதி வேணும், நடுவுல கடல் எல்லை இருக்கு, அந்தப் பேப்பர் வேலைய மாசக்கணக்குல முன்னாடியே ஆரம்பிங்க.

புது கண்ணாடி, புது நீச்சலுடை

வேணாம்.

வாசலின்

கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. நினைக்கிறத விட மூணு மடங்கு பூசுங்க. பூசி விடுறவர் கைக்கு கிளவுஸ் போடணும், அதே கையோட உங்க கண்ணாடியத் தொட்டா முடிஞ்சுது.

ராத்திரிக் கடல முதல் தடவையா அன்னைக்குப் பாக்குறது

இருட்டுல படகு லைட்டுலேர்ந்து எவ்வளவு தூரத்துல நீந்துறதுன்னே தெரியாம பாதிப் பேரு முதல் மணி நேரத்துலயே பதறிடறாங்க. குறைஞ்சது ரெண்டு ராத்திரியாவது ஆளோட, படகோட இறங்கிப் பழகுங்க. ஜெல்லி மீன், ராமேஸ்வரம் பக்கம் சொறின்னு சொல்வாங்க, பட்டா கத்தாம நீந்துறதும் பழக்கம்தான். பட்ட இடத்தத் தேய்க்காதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க, இன்னும் எரியும். மூச்சு இறுகினா மட்டும் ஒரு நிமிஷம் கூட யோசிக்காம ஏறிடணும்.

நிறுத்துற முடிவ நீந்துறவர் கைல விடுறது

வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971ல இந்தக் கடல போய்த் திரும்பியும் நீந்தினவர். அப்பேர்ப்பட்டவர் 1984 ஆகஸ்ட்ல ஆங்கிலக் கால்வாய்ல நீந்துறப்ப இறந்து போனார். அவர நினைக்கிறப்பல்லாம் எனக்கு மனசு கனத்துடும். அவர விட நாம பலசாலி இல்ல. சர்க்கரை இறங்கின மூளை "நான் நல்லாத்தான் இருக்கேன்"னுதான் சொல்லும், நானும் அப்படித்தான் சொன்னேன். அதனால படகுல ஒரே ஒருத்தருக்கு அந்த அதிகாரம் கொடுங்க, அவர் கைய நீட்டினா ஏறிடுவேன்னு வீட்டு ஆளுங்க முன்னாடி சொல்லிட்டு இறங்குங்க. அவர் உங்க வீட்டுப் பேர், போன் நம்பர்னு கேப்பார், பதில் தடுமாறினா தூக்கிடணும்.

கரை

அரிச்சல்முனை கிட்ட வந்ததும் ரெண்டு பக்கக் கடலும் சேர்ற இடத்துல இழுப்பு ஜாஸ்தியா இருக்கும், அங்க வந்து "முடிஞ்சுது"ன்னு கைய மெதுவாக்கினா பக்கவாட்டுல கொண்டு போயிடும். கால் தட்டினதும் துள்ளி எழாதீங்க, பன்னெண்டு மணி நேரம் படுத்துக்கிட்டே இருந்த உடம்பு, சடார்னு நின்னா ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். முட்டி போட்டு, மூச்சு வாங்கி, அப்புறம் நடங்க. சொந்தக்காரங்க மாலையோட தண்ணிக்குள்ள ஓடி வந்து தூக்கிடக் கூடாதுன்னு முந்தின நாளே சொல்லி வைங்க, தண்ணிய விட்டு முழுசா வெளிய வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது.