இங்கிலாந்தில் வரிசை வீடு வாங்குவது எப்படி? கேம்பிரிட்ஜ் ரம்சி டவுனை வைத்து ஒரு செய்முறை

கேம்பிரிட்ஜ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மில் ரோடு மேம்பாலத்தைத் தாண்டி இறங்கினால் ரம்சி டவுன். 1845இல் இந்த ஊருக்கு ரயில் வந்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் ரயில்வே தொழிலாளர்களுக்காக எழுந்த தெருக்கள் இவை. அக்ரகாரத்து வீடுகளைப் போல ஒட்டுச்சுவரோடு வரிசையாக நிற்கும். பல வீடுகளில் கதவைத் திறந்தால் நேராக நடைபாதைதான். மளிகை, காபிக் கடை, 2019இல் திறந்த கேம்பிரிட்ஜ் மத்தியப் பள்ளிவாசல், பள்ளிக்கூடம் எல்லாம் நடக்கும் தூரத்தில். ஆடன்புரூக்ஸ் மருத்துவமனைக்கு சைக்கிளிலேயே போய்விடலாம். அங்கே வேலைக்கு வரும் நம்மவர்கள் பலர் இந்தப் பக்கம் வீடு தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல்முறை வாங்குகிறவர்களுக்கு இங்குள்ள முறை புரியவில்லை என்றால் பெரிய தொகை வீணாகும். அதனால் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசையிலேயே சொல்கிறேன். இது இங்கிலாந்துக்கான முறை. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.

படி 1: ஊரில் இருக்கும் வீட்டைக் கணக்கில் எடுங்கள்

வீடு பார்க்கப் போவதற்கு முன்பே முத்திரை வரியைக் கணக்குப் போடுங்கள். நம் ஆட்கள் அதிகம் அடிபடும் இடம் இதுதான்.

2025 ஏப்ரல் 1 முதல் இருக்கும் விகிதம் இது. முதல் 1.25 லட்சம் பவுண்டுக்கு வரி இல்லை. அதற்கு மேல் 2.5 லட்சம் வரைக்கும் 2 சதவீதம். அதற்கு மேல் 9.25 லட்சம் வரைக்கும் 5 சதவீதம். முதல் வீடு வாங்குகிறவர்களுக்குச் சலுகை உண்டு: 3 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 5 லட்சம் வரை 5 சதவீதம். வீட்டின் விலை 5 லட்சத்தைத் தாண்டினால் சலுகை மொத்தமும் போய்விடும்.

'முதல் வீடு' என்றால் உலகத்தில் எங்குமே உங்களுக்கு வீடு இருந்திருக்கக் கூடாது. சென்னையில் உங்கள் பெயரில் வாங்கிய ஃப்ளாட், யாழ்ப்பாணத்தில் அப்பா காலத்துக்குப் பிறகு உங்கள் பெயருக்கு வந்த வீடு, எல்லாம் சேர்த்தி. வெறும் மனை கணக்கில் வராது. இன்னும் ஒன்று: 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள வேறு வீடு இப்போதும் உங்களிடம் இருந்தால் மொத்த விலைக்கும் கூடுதலாக 5 சதவீதம் கட்ட வேண்டும். வீடு கணவர் பெயரில் இருக்கிறது, இதை மனைவி பெயரில் மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் யோசிக்கிறார்கள். சேர்ந்து வாழும் தம்பதியை இந்த வரிக்கு ஒரே ஆளாகத்தான் பார்ப்பார்கள்.

உதாரணத்துக்கு 4.5 லட்சம் பவுண்டு வீடு. உண்மையிலேயே முதல் வீடு என்றால் வரி 7,500 பவுண்டு. முன்பு வீடு இருந்து விற்றுவிட்டீர்கள் என்றால் 12,500. சென்னை ஃப்ளாட் இன்னும் கையில் இருந்தால் 35,000. இங்கிலாந்துக்கு வந்து இன்னும் 183 நாள் ஆகவில்லை என்றால் அதற்கு மேலும் 2 சதவீதம், அதாவது 9,000. பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்தில் பங்கு, பரம்பரையாகச் சமீபத்தில் வந்த பங்கு போன்றவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வீடு வாங்கும் சட்ட வேலைகளைச் செய்யும் வக்கீலான சொலிசிட்டரிடம் முதல் நாளே கேளுங்கள். எதையும் மறைக்காதீர்கள்.

படி 2: பணத்துக்குக் காகிதம் சேருங்கள்

வங்கியிடமோ கடன் ஆலோசகரிடமோ 'அக்ரிமென்ட் இன் பிரின்சிபிள்' வாங்கிக்கொள்ளுங்கள். இவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று அவர்கள் சொல்லும் முதல்கட்டக் காகிதம் அது. வீட்டை விற்றுத் தரும் ஏஜென்ட்டுகள் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். முன்பணம் குறைந்தது 5 சதவீதம், 10 இருந்தால் வட்டி கொஞ்சம் இறங்கும். வேலை விசாவில் இருப்பவர்களிடம் சில வங்கிகள் கூடுதல் முன்பணம் கேட்கும், சில கேட்காது. அதனால் எல்லா வங்கிகளின் கடனையும் பார்க்கும் ஆலோசகரிடம் போவது நல்லது.

முன்பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் கேட்பார். கறுப்புப் பணத் தடுப்புச் சட்டப்படி அவர் கேட்டே ஆக வேண்டும். அப்பா அம்மா கொடுத்தால், இது கடன் இல்லை, வீட்டில் எங்களுக்கு உரிமை வேண்டாம் என்று அவர்கள் கையெழுத்துப் போட்ட கடிதமும் அவர்களுடைய வங்கிக் கணக்கு விவரமும் தேவை. ஊரில் நிலம் விற்ற பணம் என்றால் கிரயப் பத்திரமும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். சீட்டுப் பணம், கைமாற்று இதையெல்லாம் நிரூபிப்பது கஷ்டம். வரும் பணம் எல்லாம் வங்கி வழியாகவே வரட்டும்.

படி 3: தெருவை நடந்து பாருங்கள்

ரைட்மூவ், ஜூப்லா போன்ற வீட்டு விளம்பர இணையதளங்களின் படங்களில் தெரு தெரியாது. காலையில் பள்ளி நேரத்தில் ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை நடங்கள். ஆர்கைல் தெரு மாதிரி ரயில் பாதையை ஒட்டிய தெருக்களில் நின்று சத்தத்தைக் கேளுங்கள். இந்த வீடுகளுக்குக் கார் நிறுத்தும் இடம் கிடையாது, தெருவில்தான் விட வேண்டும். பர்மிட் வேண்டுமா என்பது தெருவுக்குத் தெரு மாறும் என்பதால் கவுன்சிலில், அதாவது உள்ளூராட்சி மன்றத்தில், அந்தத் தெருவின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் பல குடும்பத்தவராக வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு உரிமம் வேண்டும். அந்தப் பட்டியலைக் கவுன்சிலில் யாரும் பார்க்கலாம். பக்கத்து வீடு அப்படிப்பட்டதா என்று வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்பது இங்கே வாழ்க்கையில் பாதி.

படி 4: சுவரைப் படியுங்கள்

வாசலில் நின்று செங்கல்லைப் பாருங்கள். ஒரு கல்லின் நீளப் பக்கம், அடுத்ததன் குட்டைப் பக்கம் என்று மாறி மாறித் தெரிந்தால் அது கெட்டிச் சுவர், சுமார் 9 அங்குலம். நடுவில் இடைவெளி இருக்காது. பழைய ரம்சி வீடுகள் பெரும்பாலும் இந்த வகைதான், வெளிர் மஞ்சள் செங்கல். குளிரில் சூடு சீக்கிரம் வெளியேறும் என்பதால் ஏ முதல் ஜி வரை தரம் போடும் எரிசக்திச் சான்றிதழில் டி அல்லது ஈ என்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். செங்கல் இடுக்கில் பழைய சுண்ணாம்புச் சாந்துக்கு மேல் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் சுவருக்குள்ளேயே தங்கும்.

அப்புறம் குனிந்து தரை மட்டத்தைப் பாருங்கள். சுவரின் அடியில் ஈரம் ஏறாமல் தடுக்கும் ஒரு மெல்லிய படலம் ஓடும். வெளித் தரை அதைவிட 150 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். வருடா வருடம் கல் பாவிப் பாவித் தரை ஏறியிருக்கும். மரத் தரைக்கு அடியில் காற்றுப் போகும் ஓட்டைச் செங்கல்களை யாராவது அடைத்திருந்தால் உள்ளே மரம் உளுக்கும். ஈரம் தெரிந்தவுடன் ரசாயன ஊசி போடும் கம்பெனியைக் கூப்பிடாதீர்கள். முதலில் மேலே பார்த்து மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா என்று கவனியுங்கள்.

உள்ளே போனதும் புகைபோக்கியைத் தேடுங்கள். இடத்துக்காகக் கீழ் அறையில் புகைபோக்கிச் சுவரை இடித்திருப்பார்கள், மாடியில் அது அப்படியே நிற்கும். அவ்வளவு செங்கல் பாரத்தையும் எது தாங்குகிறது? கட்டட விதிப்படி முடித்த சான்றிதழ் இருக்கிறதா? இந்தக் கேள்விக்குக் காகிதத்தில் பதில் வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சந்து, அதன் மேல் உங்கள் படுக்கையறை என்று சில வீடுகள் உண்டு. கீழே உள்ள நிலம் பக்கத்து வீட்டுக்காரருடையது என்றால் அதற்கு ஃப்ளையிங் ஃப்ரீஹோல்ட் என்று பெயர். சில வங்கிகள் இதற்குக் கடன் கொடுக்கத் தயங்கும். குப்பைத் தொட்டியும் சைக்கிளும் அந்தச் சந்து வழியாகத்தான் போக வேண்டும், ஆகவே வழிநடை உரிமை பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நில உரிமைப் பதிவேட்டின் நகலை யார் வேண்டுமானாலும் நிலப் பதிவகத்தின் இணையதளத்தில் 7 பவுண்டுக்கு வாங்கலாம்.

படி 5: விலை சொல்லுங்கள்

அதே தெருவில் எந்த வீடு எவ்வளவுக்குப் போனது என்று 1995 முதலான பதிவுகளை நிலப் பதிவகம் இலவசமாகவே தருகிறது. அதைப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள். ஏஜென்ட் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அவர் விற்பவரின் ஆள். உங்களால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்று அவரிடம் சொல்லக் கூடாது.

விலை ஒத்துக்கொண்டார்கள் என்றால் வீடு கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஒப்பந்தம் கைமாறும்வரை விற்பவர் வேறு ஆளிடம் கூடுதல் விலைக்குப் போகலாம், நீங்களும் விலகலாம், யாரையும் சட்டம் கட்டுப்படுத்தாது. எனக்கு இந்த முறை பிடிக்கவே இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்த குடும்பத்துக்கு அது கொடுமை. ஆனால் இன்று நடைமுறை இதுதான் என்பதால் வீடு வாங்கியாயிற்று என்று ஊரில் எல்லோருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

படி 6: சொலிசிட்டரும் சர்வேயும்

வீட்டின் நிலையை நிபுணர் ஒருவர் சோதித்து எழுதித் தருவதுதான் சர்வே. அதில் மூன்று நிலை உண்டு. இந்த வயது வீட்டுக்கு மிக விரிவான மூன்றாம் நிலையே எடுங்கள். வங்கி செய்யும் மதிப்பீடு வங்கிக்காக. உங்கள் கூரையைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. சர்வேயரிடம் முன்கூட்டியே ஃபோனில் பேசி, புகைபோக்கி, தரை மட்டம், கூரை ஓடு என்று உங்கள் சந்தேகங்களைச் சொல்லுங்கள்.

கவுன்சில், குடிநீர்-வடிகால், சுற்றுச்சூழல் பதிவுகளில் இந்த வீட்டைப் பற்றி என்ன இருக்கிறது என்று சொலிசிட்டர் தேடிப் பார்ப்பார். விற்பவர் நிரப்பும் டிஏ6 படிவத்தை நீங்களே ஒரு வரி விடாமல் படியுங்கள். பக்கத்து வீட்டோடு தகராறு இருந்தால் அதில் சொல்லியிருக்க வேண்டும். திரைச்சீலைக் கம்பி, அடுப்பு, தோட்டத்துக் கொட்டகை இவற்றில் எதை விட்டுப் போகிறார்கள் என்பது டிஏ10 படிவத்தில் இருக்கும். விலை ஒத்துக்கொண்டதிலிருந்து மூன்று நான்கு மாதம் ஆவது சாதாரணம். உங்களுக்கு விற்பவரும் வேறு வீடு வாங்கப் போகிறார், அந்த வீட்டுக்காரர் இன்னொன்று வாங்கப் போகிறார் என்று சங்கிலி நீண்டால் இன்னும் இழுக்கும்.

படி 7: எக்ஸ்சேஞ்ச், கம்ப்ளீஷன்

எக்ஸ்சேஞ்ச் அன்று ஒப்பந்தங்கள் கைமாறும். வழக்கமாக அன்று விலையில் 10 சதவீதம் கட்ட வேண்டும். அதன்பின் விலகினால் அந்தப் பணம் போகும், வழக்கும் வரலாம். வீட்டுக் காப்பீட்டை அன்றைக்கே தொடங்கிவிடுங்கள், ஏனென்றால் சாவி கைக்கு வருவதற்கு முன்பே வீட்டின் பொறுப்பு உங்கள் தலையில். கம்ப்ளீஷன் அன்று மீதிப் பணம் போய்ச் சேர்ந்ததும் சாவியை ஏஜென்ட்டிடம் வாங்கிக்கொள்ளலாம். முத்திரை வரிப் படிவத்தையும் பணத்தையும் 14 நாளுக்குள் செலுத்த வேண்டும். சொலிசிட்டர்தான் செய்வார், செய்துவிட்டாரா என்று கேட்டு ரசீது வாங்குங்கள்.

உள்ளே போனதும் மின்சார, எரிவாயு மீட்டர்களைப் படம் எடுங்கள். தண்ணீரை மொத்தமாக அடைக்கும் குழாய் எங்கே என்று கண்டுபிடியுங்கள். கவுன்சில் வரிக்குப் பெயரைப் பதியுங்கள். பரணை அறையாக்குவது, ஒட்டுச்சுவரில் உத்தரம் சொருகுவது போன்ற திட்டம் இருந்தால் 1996ஆம் ஆண்டின் ஒட்டுச்சுவர்ச் சட்டப்படி பக்கத்து வீட்டாருக்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன் ஒருமுறை நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.